மானிட்டர் இருண்டுவிட்டதா? முதலில் டார்ச் லைட்டை எடுங்கள்

செந்தூல் வாசகர்: அண்ணே, பழைய 19 அங்குல மானிட்டர். சுவிட்சைப் போட்டால் படம் வருகிறது, இரண்டு விநாடியில் கருப்பாகிவிடுகிறது. பச்சை விளக்கு மட்டும் எரிகிறது. தூக்கிப் போட்டுவிடலாமா?

போட்டுவிடாதீர்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் லைட்டைத் திரைமேல் சாய்வாக அடித்து உற்றுப் பாருங்கள். ஐகான்கள் நிழல்போல் தெரிந்தால் படம் நன்றாகவே இருக்கிறது, பின்னாலிருந்து வரும் வெளிச்சம்தான் போயிருக்கிறது. பழைய மானிட்டர்களில் அந்த வெளிச்சம் மெல்லிய குழல் விளக்குகளிலிருந்து வரும். குழலிலோ அதற்கு வரும் மின்சாரத்திலோ குறை இருந்தால், குழலுக்கு உயர் மின்னழுத்தம் கொடுக்கும் இன்வெர்ட்டர் என்ற சுற்று ஓரிரு விநாடியில் தானாகவே நின்றுவிடும்.

இந்தக் குறையோடு என் மேசைக்கு வருபவற்றில் நான் முதலில் பார்ப்பது பவர் போர்டில் உள்ள, மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர்களை. சின்னச் சின்ன டின் மாதிரி நிற்கும், தலையில் கீறல் இருக்கும். நல்லதன் தலை தட்டை. கெட்டது உப்பியிருக்கும், சிலதில் கீறல் வழியே கசிந்து கோப்பி நிறத்தில் காய்ந்திருக்கும். மேலே 1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் என்று போட்டிருந்தால் மைக்ரோஃபாரட் அதேதான் வேண்டும். வோல்ட் அதே அளவோ சற்றுக் கூடவோ இருக்கலாம். 105 டிகிரி வரை சூடு தாங்கும் வகையாகக் கேளுங்கள். கோலாலம்பூரின் புடு, ஜாலான் பாசார் உதிரிபாகக் கடைகளுக்குப் பழையதைக் கையோடு கொண்டுபோய்க் காட்டினால் குழப்பம் இருக்காது. உடம்பில் கோடு போட்ட பக்கம் நெகட்டிவ், மாற்றி வைத்துவிடாதீர்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். அதே போர்டில் கட்டைவிரல் பருமனில் ஒரு பெரிய கெப்பாசிட்டர் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரும், ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சால்டரிங் பழக்கமும் இல்லாதவர்கள் மூடியைத் திறக்கவே வேண்டாம்.

பூச்சோங் வாசகர்: நேற்று இடி மழைக்குப் பிறகு மானிட்டரில் விளக்கே எரியவில்லை.

அதே சுவரில் காற்றாடியைச் செருகிப் பாருங்கள். அது சுற்றினால், அடுத்து மானிட்டரின் மூன்று முனை பிளக்கில் உள்ள பியூஸ். ஒரே வார்ப்பான பிளக்கானாலும் முனைகளுக்கு நடுவே சின்ன மூடி இருக்கும், நெம்பினால் பியூஸ் வெளியே வரும். 3 ஆம்பியர் இருந்த இடத்தில் 3 ஆம்பியர்தான் போட வேண்டும். புதியதும் உடனே போனால் உள்ளே ஷார்ட், அங்கேயே நிறுத்திவிடுங்கள். தனி அடாப்டர் உள்ள மாடல் என்றால் வேலை சுலபம்: மல்டிமீட்டரில் அளந்து, லேபிளில் போட்ட வோல்ட் வரவில்லையென்றால் அடாப்டரை மட்டும் மாற்றினால் போதும். அப்புறம், இடி இடிக்கும்போது பிளக்கையே கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைப்பது போதாது.

செராஸ் வாசகர்: திரையில் செங்குத்தாக ஒரு பச்சைக் கோடு.

மானிட்டரின் சொந்த மெனுவைத் திறந்து, கோடு இருக்கும் இடத்துக்கு அதை நகர்த்துங்கள். கோடு மெனு மேலும் ஓடினால் பழுது படம் காட்டும் பேனலில், வீட்டில் சரிசெய்ய முடியாது. பேனல் விலைக்குப் புது மானிட்டரே வாங்கிவிடலாம். மெனு சுத்தமாக இருந்தால் கேபிளை மாற்றுங்கள், அப்படியும் போகாவிட்டால் கணினியைப் பாருங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகி: திரைக்கு உள்ளே எறும்பு ஊர்கிறது!

தயவுசெய்து அழுத்தாதீர்கள். செத்தால் அங்கேயே கரும்புள்ளியாகத் தங்கிவிடும். மானிட்டரை அணைத்து, ராத்திரி முழுக்கப் பக்கத்தில் ஒரு மேசை விளக்கை எரியவிடுங்கள். பெரும்பாலும் வெளிச்சத்தைத் தேடி அதுவே வெளியேறும். கறிபாப்பை வேறு மேசையில் வைத்துச் சாப்பிடுங்கள்.

அம்பாங் வாசகர்: செத்துப்போன பழைய மானிட்டரைக் குப்பையில் போடலாமா?

கூடாது. அந்தக் குழல் விளக்குகளில் பாதரசம் இருக்கிறது. உடைக்காமல், முழுதாக மின்கழிவு சேகரிப்பு இடத்தில் கொடுங்கள். கேபிளையும் தாங்கியையும் மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.