எலெக்டிவ் எது எடுக்கலாம்?

கேள்வி: அண்ணா, நான் சிவில் இன்ஜினியரிங் மூணாம் வருஷம். அடுத்த செமஸ்டருக்கு எலெக்டிவ், அதாவது விருப்பப் பாடம் செலக்ட் பண்ணணும். ப்ரீஸ்ட்ரெஸ்டு கான்க்ரீட், கிரவுண்ட் இம்ப்ரூவ்மென்ட், ஏர் பொல்யூஷன் மூணும் இருக்கு. ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் மார்க் ஈஸின்னு ஏர் பொல்யூஷன் போறாங்க. நானும் போயிடவா?
- ஒரு மாணவி, திருநெல்வேலி

பதில்: போகாதம்மா, அதாவது அந்த சப்ஜெக்ட் மேல ஆசை இருந்தா தாராளமா போ, கூட்டம் போகுதேன்னு மட்டும் போகாத. ஆர்சிசி (கம்பி போட்ட கான்க்ரீட்) டிசைன் பேப்பர்ல ஐஎஸ் 456ங்கற விதிமுறைப் புத்தகத்தை (கோடு) புரட்டுறப்ப உனக்கு எரிச்சல் வந்துச்சா, இல்ல சுவாரஸ்யமா இருந்துச்சா? சுவாரஸ்யம்னா ப்ரீஸ்ட்ரெஸ்டு எடு. சென்னை மெட்ரோவோட மேம்பாலப் பாதையைப் பாரு, அதைத் தாங்குற கர்டர்ல (பெரிய உத்திரம்) கேபிளை இழுத்து, லோடு வர்றதுக்கு முன்னாடியே கான்க்ரீட்டை அமுக்கி வச்சிருப்பாங்க, கான்க்ரீட்டை இழுத்தா அது தாங்காது, வீக்குங்கறதால தான் இந்த வேலையே, அதுக்கு ஐஎஸ் 1343னு தனி கோடு இருக்கு, அதை நீயா உக்காந்து படிக்கிறது கொஞ்சம் கஷ்டம், வகுப்புல படிச்சா ஒட்டும்.

மண்ணு பிடிக்கும்னா கிரவுண்ட் இம்ப்ரூவ்மென்ட். களிமண்ல கட்டுற ஊர்ல, மண்ணைப் பலப்படுத்துற இந்த வேலை தெரிஞ்ச ஆளுக்கு மதிப்பு ஜாஸ்தி. லேப்ல மண்ணை அமுக்கிப் பாக்குற கன்சாலிடேஷன் டெஸ்ட் பண்ணியிருப்பியே, களிமண்ல இருந்து தண்ணி எவ்ளோ நிதானமா வெளியேறும்னு அதுலயே தெரிஞ்சிருக்கும், அதை சீக்கிரம் வடிய வைக்க மண்ணுக்குள்ள செங்குத்தா வடிகால் (வெர்டிகல் டிரெயின்) போடுறதெல்லாம் இந்த பேப்பர்ல தான் வரும்.

முடிவெடுக்கிறதுக்கு முன்னாடி ஐஐடி பேராசிரியர்கள் பாடம் நடத்துற என்பிடெல் வெப்சைட்ல இந்த ரெண்டு பாடத்துலயும் ரெண்டு ரெண்டு லெக்சர் பாத்துடு, காசு கிடையாது. அப்புறம் எந்த ஆசிரியர் பாடம் நடத்தப்போறாங்க, எப்படி நடத்துவாங்கன்னு சீனியர்கிட்ட கேட்டுக்கோ. நான் படிச்சப்ப இதைக் கேக்காம ஒரு பேப்பர்ல மாட்டி, செமஸ்டர் முழுக்க ஆசிரியர் பிபிடி ஸ்லைடை வாசிச்சதைத்தான் கேட்டேன்!