போஸ்ட்மார்ட்டத்திலும் காரணம் தெரியவில்லையா? மரபணுப் பரிசோதனை: கேள்வி-பதில்

கே: 22 வயது மகன் தூக்கத்தில் இறந்துவிட்டான். இதயத்தில் குறையே இல்லை என்கிறது போஸ்ட்மார்ட்டம். பிறகு எப்படி நின்றது?

ப: தசை தடித்திருந்தாலோ ரத்தக்குழாய் அடைத்திருந்தாலோ அறுத்துப் பார்க்கும்போது தெரியும். மின்துடிப்புக் கோளாறு எந்தத் தடயத்தையும் விட்டுவைக்காது. அதனால்தான் இதயத்தின் மின்துடிப்போடு தொடர்புடைய கேசிஎன்க்யூ1, கேசிஎன்எச்2, எஸ்சிஎன்5ஏ, ஆர்ஒய்ஆர்2 ஆகிய மரபணுக்களில் மாற்றம் உண்டா என்று முதலில் தேடுவார்கள். இறந்த சூழ்நிலையைப் பரிசோதனைக்கூடத்துக்கு எழுதிக்கொடுங்கள். நீந்தும்போது என்றால் நீள் க்யூடி (ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயத்தின் மின்நிலை மீள அதிக நேரம் எடுக்கும் கோளாறு) முதல் வகையாக இருக்கலாம். அலாரம் அடித்துத் திடுக்கிட்டபோது என்றால் அதன் இரண்டாம் வகையாக இருக்கலாம். தூக்கத்தில் என்றால் புருகாடா என்ற இன்னொரு பரம்பரை மின்துடிப்புக் கோளாறு மீது சந்தேகம் விழும்.

கே: என்ன மாதிரி எடுத்து வைக்க வேண்டும்?

ப: ரத்தம் உறையாமல் தடுக்கும் இடிடிஏ போட்ட ஊதா மூடிக் குழாயில் 5 முதல் 10 மி.லி. ரத்தம். கூடவே இதயம் அல்லது மண்ணீரலில் ஒரு சிறு துண்டை, ஃபார்மலினில் போடாமல், மைனஸ் 80 டிகிரியில் உறையவைக்க வேண்டும். விஷம் பார்க்க உள்ளுறுப்பு எடுத்தாயிற்று, அதுவே போதும் என்று விட்டுவிடுவது வழக்கமான பிழை. அந்த நோக்கம் வேறு. உடலைக் கொடுப்பதற்கு முன்பே தடயவியல் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

கே: மெழுகுக் கட்டியில் பதித்த திசு மட்டுமே இருக்கிறது.

ப: மெழுகில் பதிக்கும் முன் திசுவை ஃபார்மலினில் ஊறவைப்பார்கள்; அது டிஎன்ஏவைத் துண்டு துண்டாக்கிவிடும். ஓரிரு மரபணுக்களைப் பார்க்க உதவலாம். விரிவான பரிசோதனைக்கு நம்ப முடியாது. முன்பு ஏதாவது சிகிச்சைக்காகக் கொடுத்த ரத்தம் மருத்துவமனையில் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

கே: விடை கிடைக்க எவ்வளவு வாய்ப்பு?

ப: 2016-இல் வெளியான ஆஸ்திரேலியா–நியூசிலாந்து ஆய்வில், காரணம் புலப்படாத 113 பேரைப் பரிசோதித்ததில் 31 பேருக்குக் கிடைத்தது.

கே: 'முக்கியத்துவம் தெளிவற்ற மாற்றம்' என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. மகளுக்கும் அதே பரிசோதனை செய்யலாமா?

ப: கூடாது. இறப்புக்கு அதுதான் காரணம் என்று நிலைநாட்டாத மாற்றத்தை வைத்து, இருப்பவர்களுக்கு ஆபத்து உண்டு, இல்லை என்று பிரிப்பது தவறு. தெற்காசியர்களில் சுமார் 4 சதவீதம் பேரிடம் எம்ஒய்பிபிசி3 என்ற இதயத் தசை மரபணுவில் 25 டிஎன்ஏ எழுத்துகள் விடுபட்டிருக்கும். அது மட்டும் தென்பட்டதால் காரணம் கிடைத்துவிட்டது என்று முடிவு கட்ட முடியாது. மகளுக்கும் பெற்றோருக்கும் ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் மூன்றும் எடுங்கள். புருகாடா சந்தேகம் வலுவாக இருந்தால், மருத்துவமனைக் கண்காணிப்பில் அஜ்மலைன் அல்லது ஃப்ளெக்கனைட் மருந்து கொடுத்து ஈசிஜி பார்ப்பார்கள். இறந்தவரின் ரிப்போர்ட்டில் ஒன்றுமே இல்லை என்று வந்தாலும் குடும்பத்தார் இவற்றைச் செய்தே ஆக வேண்டும்.