மிஷின் வாங்கும் முன் ஒரு கேள்வி
வாசகர் கேள்விகளுக்கு வரி ஆலோசகர் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் ஐந்தை ஒன்றாக எடுத்துக்கொண்டேன். ஐந்துமே ஒரே இடத்தைச் சுற்றி வருகின்றன. சதவீதக் கணக்கில் எளிமையாக வரி கட்டும் திட்டத்தில் (நம் ஜிஎஸ்டியில் அதற்குப் பெயர் காம்போசிஷன்) இருக்கிறோம். தொழிலுக்கு ஒரு பெரிய சாமான் வாங்குகிறோம். அதில் கட்டிய வரி திரும்பக் கிடைக்குமா?

*மேடம், அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பக்கத்தில் வாடகை ஷெட்டில் பிளாஸ்டிக் மூடி செய்கிறேன். வருஷ விற்பனை 85 லட்சம். காம்போசிஷனில் 1% கட்டுகிறேன். புது மோல்டிங் மிஷின் 9 லட்சம், ஜிஎஸ்டி தனி. இந்த மாதமே பில் போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். அந்த வரியை எடுக்க முடியுமா?*
வாசகர், அம்பத்தூர்

கொட்டேஷன் நகலையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார். ஓரத்தில் கிரீஸ் படிந்த பெருவிரல் ரேகை. "18% எக்ஸ்ட்ரா" என்ற வரிக்குக் கீழே சிவப்புப் பேனாவால் இரண்டு கோடு. பக்கத்திலேயே பென்சிலில் 1,62,000 என்று கணக்குப் போட்டு, அதைச் சுற்றி ஒரு வட்டம். அந்த வட்டத்தைப் பார்த்ததும் இவருக்கு விரிவாகவே எழுத வேண்டும் என்று தோன்றியது.

காம்போசிஷனில் இருக்கும்வரை அந்த 1,62,000 திரும்ப வராது. ஜிஎஸ்டி சட்டம் 10-ஆம் பிரிவு இதை நேராகவே சொல்கிறது: வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கக் கூடாது, வாங்கியதில் கிரெடிட்டும் எடுக்கக் கூடாது, அதாவது வாங்கும்போது கட்டிய வரியை விற்பனை வரியில் கழித்துக்கொள்ளக் கூடாது. மிஷினுக்கு என்று தனி விலக்கு கிடையாது. வரியும் சேர்ந்து 10,62,000 உங்கள் அடக்க விலை, அவ்வளவுதான்.

ஆனால் நீங்கள் இன்னும் வாங்கவில்லை. அதனால் ஒரு வழி திறந்திருக்கிறது. காம்போசிஷனை விட்டு வெளியே வர ஏப்ரல் வரை காத்திருக்கத் தேவையில்லை. சிஎம்பி-04 படிவம் போட்டு வருஷத்தின் நடுவிலும் வெளியே வரலாம். திரும்ப உள்ளே போக நினைத்தால்தான் அடுத்த நிதியாண்டின் தொடக்கம் வரை பொறுக்க வேண்டும். முதலில் வெளியே வாருங்கள். வழக்கமான முறைக்கு மாறிய தேதிக்குப் பிறகு மிஷின் பில் போடச் சொல்லுங்கள். 1,62,000 முழுவதும் கிரெடிட்டில் வரும்.

மாற்றிச் செய்தால் என்ன ஆகும்? ஆகஸ்ட் 10-ல் பில் போட்டு வாங்கிவிட்டு, அடுத்த ஏப்ரல் 1-ல் வெளியே வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் கிரெடிட் உண்டு. ஆனால் பில் தேதியிலிருந்து ஒவ்வொரு காலாண்டுக்கும், முழுதாக முடியாத காலாண்டையும் சேர்த்து, 5% கழியும். மூன்று காலாண்டுக்கு 15%. கையில் வருவது 1,37,700. வெளியே வந்த 30 நாளுக்குள் ஐடிசி-01 படிவத்தில் கேட்க வேண்டும். கையிருப்புச் சரக்கின் வரியும் சேர்ந்து மொத்தம் 2 லட்சத்தைத் தாண்டினால் சிஏ சான்றிதழும் வேண்டும்.

இதில் இன்னொரு கதவு இருக்கிறது, அது சத்தமில்லாமல் மூடிவிடும். பில் தேதியிலிருந்து ஒரு வருஷம் தாண்டிவிட்டால் இந்தக் கிரெடிட்டே இல்லை. என் சித்தப்பா மகனுக்கு இது நடந்தது. 2018 மார்ச் 28-ல் லேத் வாங்கினான். 2019 ஏப்ரல் முதல் வாரத்தில் காம்போசிஷனை விட்டு வெளியே வந்தான். அவனுக்குக் கணக்குப் பார்த்தவர், "புது வருஷத்தில் மாறினால் கணக்குச் சுத்தமாக இருக்கும்" என்று தள்ளிப் போட்டிருந்தார். பில்லை மஞ்சள் பையிலிருந்து எடுத்து என் மேஜையில் விரித்தபோது நான் தேதியின் மேல் விரலை வைத்தேன். அவனுக்குப் புரிய அரை நிமிஷம் ஆனது. ஒரு வாரத்தில் போன பணம், அது ஒரு ஆளின் சில மாதச் சம்பளம். அன்றிலிருந்து யார் மிஷின் பில்லைக் கொண்டு வந்தாலும் தொகைக்கு முன்னால் தேதியைத்தான் பார்க்கிறேன்.

சரி, மிஷினுக்காக மட்டும் வெளியே வரலாமா? இங்கேதான் உங்கள் பென்சில் வட்டத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போட வேண்டும். நீங்கள் மாதாமாதம் வாங்கும் பிளாஸ்டிக் குருணைக்கும் 18% கட்டுகிறீர்கள். வருஷத்துக்கு 40 லட்சத்துக்கு வாங்குவதாகக் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதில் வரி மட்டும் 7,20,000. மிஷின் வரி ஒரு முறை போவது; மூட்டையில் போகும் வரி ஒவ்வொரு வருஷமும் போகிறது. வெளியே வந்தால் அது கிரெடிட்டாகும், 1% ஆகக் கட்டும் 85,000-மும் நிற்கும்.

எதிர்ப்பக்கம் இது: விற்பனைக்கு 18% போட வேண்டும். உங்கள் மூடியில் முக்கால் பங்கு மசாலா, ஊறுகாய் கம்பெனிகளுக்குப் போகிறது. அவர்கள் அதைக் கிரெடிட் எடுத்துக்கொள்வார்கள்; டாக்ஸ் இன்வாய்ஸ் கேட்டு உங்களை நச்சரிப்பதாகவும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மீதிக் கால் பங்கு ஜிஎஸ்டி எண் இல்லாத சின்னக் கடைகள். அவர்களிடம் விலையை ஏற்ற முடியாமல் வரியை நீங்களே சுமந்தால், 21,25,000-க்கு உள்ளே இருக்கும் வரி சுமார் 3,24,000. எல்லாம் கழித்தும் வருஷத்துக்கு 4,80,000 அளவுக்கு உங்கள் பக்கம் நிற்கிறது. பெரிய கம்பெனிகள் விலையைக் கொஞ்சம் இறுக்கினாலும் இது முழுக்கக் கரையாது. ரிட்டர்ன் வேலை கூடும் என்பது உண்மை. ஆனால் 5 கோடி விற்பனை வரை மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரிட்டர்ன் போடும் வசதி உண்டு. வரியை மட்டும் மாதாமாதம் கட்ட வேண்டும். என் கருத்தைக் கேட்டால், நீங்கள் எப்போதோ வெளியே வந்திருக்க வேண்டும்.

ஒன்றை உங்கள் ஆடிட்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கிரெடிட் எடுக்கும் 1,62,000-ஐ மிஷினின் விலையில் சேர்த்து வருமான வரியில் தேய்மானம் கேட்கக் கூடாது. கேட்டுவிட்டால் அந்த வரிக்கு ஜிஎஸ்டியில் கிரெடிட் போய்விடும். ஏதாவது ஒரு பக்கம்தான்.

*அம்மா, திருவல்லிக்கேணியில் பேச்சிலர் பையன்களை நம்பி மெஸ் நடத்துகிறேன். காம்போசிஷன் 5%. 60,000 ரூபாய்க்கு டீப் ஃப்ரீசர், அதில் 10,800 வரி. நானும் வெளியே வந்து எடுத்துக்கொள்ளலாமா?*
வாசகர், திருவல்லிக்கேணி

மேலே உள்ள பதிலைப் படித்துவிட்டு அவசரப்பட்டுவிடாதீர்கள். உணவகத்துக்குக் கணக்கு வேறு. நீங்கள் வழக்கமான முறைக்கு வந்தாலும், மெஸ்ஸுக்கு வரி 5%, அதுவும் கிரெடிட் இல்லாத 5%. 2017 நவம்பரிலிருந்து இப்படித்தான். எந்தப் பக்கம் நின்றாலும் ஃப்ரீசரின் 10,800 வராது.

அப்படியானால் வெளியே வருவதில் பயனே இல்லையா? ஒன்று உண்டு. இப்போது அந்த 5% உங்கள் கல்லாவிலிருந்து போகிறது; வெளியே வந்தால் பில்லில் போட்டு வாங்கலாம். 80 ரூபாய்ச் சாப்பாட்டுக்கு மேலே 4 ரூபாய் போட்டால் உங்கள் பையன்கள் தருவார்களா என்பது உங்களுக்குத்தான் தெரியும். தரமாட்டார்கள் என்றால் இருக்கிற இடத்திலேயே இருங்கள். ஃப்ரீசரை வரியோடு சேர்த்து 70,800 என்றே கணக்கில் ஏற்றி அதற்குத் தேய்மானம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சாப்பிடப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. காம்போசிஷனில் இருக்கும் கடை பில்லில் ஜிஎஸ்டி என்று தனியாகப் போட்டு வாங்கக் கூடாது. காம்போசிஷன் கடை என்பதைப் பெயர்ப் பலகையிலும் பில்லின் தலையிலும் எழுதியிருக்க வேண்டும். அப்படி எழுதிவிட்டுக் கீழே 5% கூட்டியிருந்தால், தயங்காமல் கேளுங்கள்.

*என் மைத்துனர் வழக்கமான ஜிஎஸ்டியில் இருக்கிறார். என் தையல் யூனிட்டுக்கு வேண்டிய மிஷின்களை அவர் எண்ணில் பில் போட்டு வாங்கி, அவர் கிரெடிட் எடுத்துப் பணத்தை எனக்குத் தருவதாகச் சொல்கிறார். செய்யலாமா?*
வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

வேண்டாம். மிஷின் யாருடைய தொழிலில் ஓடுகிறதோ அவருக்குத்தான் கிரெடிட். உங்கள் ஷெட்டில் ஓடும் மிஷினுக்கு அவர் எடுத்தால், பிடிபடும் நாளில் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும், அபராதமும் உண்டு. இன்னொன்றையும் யோசியுங்கள். பில்லில் அவர் பெயர் இருந்தால் மிஷினே காகிதத்தில் அவருடையது. பேங்க் கடனுக்கோ இன்சூரன்ஸுக்கோ போய் நிற்கும்போது உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. உறவும் கெட வேண்டாம்.

*பெரம்பூரில் ஹார்டுவேர் கடை. வரும் ஏப்ரலில் காம்போசிஷனுக்குள் போகப் போகிறேன். 2 வருஷம் முன்பு வாங்கிய கம்ப்யூட்டர், ரேக், எடை மிஷினுக்கு 36,000 கிரெடிட் எடுத்திருக்கிறேன். அது போனது போனதுதானே?*
வாசகர், பெரம்பூர்

இல்லை, கொஞ்சம் திருப்பித் தர வேண்டியிருக்கும். உள்ளே போகும்போது சாமானின் ஆயுளை 60 மாதம் என்று வைத்துக் கணக்கிடுவார்கள். 24 மாதம் ஓடிவிட்டது, மீதி 36. ஆக 36,000-ல் 21,600 கட்ட வேண்டும். கடையில் இருக்கும் சரக்குக்கு எடுத்த கிரெடிட்டும் அப்படியே திரும்ப வேண்டும். ஹார்டுவேர் கடையில் அதுதான் பெரிய தொகையாக இருக்கும். கணக்கை ஐடிசி-03 படிவத்தில், நிதியாண்டு தொடங்கி 60 நாளுக்குள் காட்ட வேண்டும். இதெல்லாம் கட்டிய பிறகும் கிரெடிட் லெட்ஜரில் மிச்சம் இருந்தால் அது காலாவதியாகிவிடும். அதனால் மார்ச்சில் சரக்கை அடுக்கி வைக்காதீர்கள்.

*மேடம், என் மகள் இங்கிலாந்தில் போட்டோகிராஃபர். அங்கே வாட் பிளாட் ரேட் திட்டத்தில் இருக்கிறாள். 1,500 பவுண்டுக்கு கேமரா இந்த வாரமும், 900 பவுண்டுக்கு லென்ஸ் அடுத்த மாதமும் வாங்கப் போகிறாள், ஒரே கடையில். இரண்டும் வாட் சேர்ந்த விலை. "காம்போசிஷன் மாதிரிதான், ஒன்றும் எடுக்க முடியாது" என்று இங்கே தெரிந்தவர் சொல்கிறார். அப்படியா?*
வாசகி, மேற்கு மாம்பலம்

வாட் என்பது அங்கத்து ஜிஎஸ்டி. இந்தத் திட்டம் பார்க்க நம் காம்போசிஷன் மாதிரிதான் இருக்கும். வாட் சேர்ந்த மொத்த வரவில் தொழிலுக்கு ஏற்ற ஒரு குறிப்பிட்ட சதவீதத்தைக் கட்டுவது, வாங்குவதில் வாட் எடுக்காமல் விடுவது. அடுத்த 12 மாதத்தில் வாட் நீங்கலாக 1,50,000 பவுண்டுக்கு மிகாமல் விற்பனை எதிர்பார்ப்பவர்கள் சேரலாம். போட்டோகிராஃபிக்கு 11%. வித்தியாசம் ஒன்று உண்டு. அங்கே விற்பவர் வாடிக்கையாளரிடம் வழக்கமான 20% வாட்டைப் போட்டுத்தான் வாங்குகிறார்.

ஆனால் உங்களுக்குத் தெரிந்தவர் சொன்னது தவறு. அங்கே சாமானுக்கு ஒரு விலக்கு வைத்திருக்கிறார்கள். தொழிலில் நிலைத்துப் பயன்படும் பொருளை வாட் சேர்த்து 2,000 பவுண்டோ அதற்கு மேலோ கொடுத்து ஒரே கொள்முதலாக வாங்கினால், அதிலுள்ள வாட்டைத் திரும்ப எடுக்கலாம். ஒரே கடையில் ஒரே நேரத்தில் வாங்கிய பல பொருள்களைச் சேர்த்து ஒரு கொள்முதலாக எண்ணலாம். வேறு வேறு நாளில் வாங்கினால் அது வேறு வேறு கொள்முதல்.

உங்கள் மகள் நினைத்தபடி வாங்கினால் 1,500 தனி, 900 தனி. இரண்டும் 2,000-க்குக் கீழே, ஒரு பென்னியும் வராது. இரண்டையும் ஒன்றாக வாங்கினால் 2,400 பவுண்டு. அதில் வாட் 400. ரிட்டர்னில் 4-ஆம் கட்டத்தில் போட்டு எடுத்துக்கொள்ளலாம். பின்னால் அந்தக் கேமராவை விற்றால், விற்ற விலைக்கு 11% கணக்கு பொருந்தாது. தனியாக 20% வாட் காட்ட வேண்டும். வாடகைக்கு எடுக்கும் கேமராவுக்கு இந்த விலக்கு இல்லை, அது சேவை.

இன்னொன்றையும் அவளைச் சரிபார்க்கச் சொல்லுங்கள், இது 400 பவுண்டை விடப் பெரியது. 2017 ஏப்ரல் 1 முதல், பொருள் வாங்கும் செலவு மிகக் குறைவாக உள்ள தொழில்கள் எதுவானாலும் 16.5% கட்ட வேண்டும். வாட் சேர்ந்த வரவில் 2%-க்குக் கீழே, அல்லது வருஷத்துக்கு 1,000 பவுண்டுக்குக் கீழே இருந்தால் இதில் விழுந்துவிடுவாள். வருஷ வரவு வாட் சேர்த்து 57,600 என்றால் 2% என்பது 1,152. ஆல்பம், பேப்பர், பிரேம் என்று அதற்கு மேல் வாங்கியிருக்க வேண்டும். புதுக் கேமராவும் லென்ஸும் இந்தக் கணக்கில் சேராது. நிலைத்த சாமானை ஒதுக்கிவிட்டுத்தான் பார்ப்பார்கள். 11% என்றால் 6,336 பவுண்டு, 16.5% என்றால் 9,504. ஒவ்வொரு வாட் காலாண்டுக்கும் இதைப் பார்க்க வேண்டும்.

பெரிய சாமானுக்கு மட்டும் ஒரு ஜன்னல் திறந்து வைத்திருக்கும் அந்த விதி எனக்குப் பிடிக்கும். அம்பத்தூர் ஷெட்டுக்கும் பழைய வண்ணாரப்பேட்டைத் தையல் யூனிட்டுக்கும் அப்படி ஒன்று இங்கே வேண்டும் என்று பல வருஷமாகச் சொல்லி வருகிறேன். சின்னத் தொழில் பெரிதாவது மிஷின் வாங்கும் அன்றுதான். அன்றைக்குத்தான் வரி அதிகமாக அழுத்துகிறது.

உங்கள் மகள் கேமராவை இந்த வாரம் வாங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். பதிலை அச்சுக்கு முன்பே உங்களுக்குத் தபாலில் போட்டுவிட்டேன். கிடைத்ததும் அன்றைக்கு இரவே போன் செய்யுங்கள். லென்ஸையும் சேர்த்து ஒரே பில்லாகப் போடச் சொல்லுங்கள். லென்ஸுக்கு இப்போது பணம் இல்லையென்றால் கேமராவையும் அடுத்த மாதம் வரை தள்ளி வைக்கட்டும்.