ஊசி போட்டும் சளி பிடிக்கிறதே, டாக்டர்?

சென்ற இதழில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தேன். உங்கள் வீட்டில் யாராவது ஃப்ளூ தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா, போடவில்லை என்றால் ஏன்? காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. வேண்டாம் என்று எழுதியவர்களில் யாரையும் விவரம் தெரியாதவர் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒவ்வொருவரிடமும் ஒரு காரணம் இருக்கிறது, பாதிக்கு மேல் நேரில் பட்ட காரணம். அதனால் இந்த முறை கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

கே: என் பையனுக்கு மூன்று வயது. போன வருடம் டாக்டர் சொன்னார் என்று கடன் வாங்கி 1,800 ரூபாய் கொடுத்து ஃப்ளூ ஊசி போட்டேன். அதற்கப்புறமும் மூன்று தடவை சளி, காய்ச்சல். ஒரு மாதம் கழித்து இன்னொன்று போடணும் என்றார்கள், நான் போகவில்லை. வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். இந்த வருடமும் போடச் சொன்னால் நான் பணத்துக்கு எங்கே போவேன்? – காசிமேடு வாசகி

உங்கள் கோபம் நியாயமானதுதான் அம்மா. ஊசி போட்ட அன்றைக்கே யாராவது உங்களை உட்காரவைத்து, இது சளிக்கான ஊசி இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நாம் சளி என்று சொல்வது 200க்கும் மேற்பட்ட வைரஸ்களால் வருவது. பால்வாடிக்குப் போகிற வயதில் ஒரு குழந்தைக்கு வருடத்தில் ஆறேழு தடவை சளி பிடிப்பது சாதாரணம், அதையெல்லாம் இந்த ஊசி தடுக்காது. இன்ஃப்ளுயன்சா என்கிற ஒரே ஒரு வைரஸ் வகைக்கு மட்டும்தான் இது. அந்தக் காய்ச்சல் வேறு மாதிரி இருக்கும். காலையில் தெருவில் ஓடி விளையாடிய பிள்ளை சாயங்காலம் 103 டிகிரியில் சுருண்டு படுத்துவிடும், உடம்பெல்லாம் வலிக்கிறது என்று அழும், வறட்டு இருமல் இருமும், சாப்பாட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது. பெரும்பாலான குழந்தைகள் ஒரு வாரத்தில் தேறிவிடுகிறார்கள். சில குழந்தைகளுக்கு அது நுரையீரலில் இறங்கிவிடுகிறது, ஐந்து வயதுக்குள், அதிலும் இரண்டு வயதுக்குள் இருப்பவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஃப்ளூவைக்கூட இந்த ஊசி முழுசாகத் தடுப்பதில்லை. அந்த வருடம் சுற்றுகிற வைரஸும் ஊசியில் இருக்கிற வைரஸும் நன்றாகப் பொருந்தினால் ஃப்ளூவால் டாக்டரிடம் ஓடுகிற நிலைமை 40 முதல் 60 சதவீதம் வரை குறையும், பொருந்தாத வருடங்களில் அதைவிடக் குறைவாகத்தான் பலன். ஆனால் ஊசி போட்ட குழந்தைக்கு ஃப்ளூ வந்தாலும் ஆஸ்பத்திரியில் சேர்க்கிற அளவுக்குப் போவது குறைகிறது. நான் என்னிடம் வருகிறவர்களுக்கு இதைச் சொல்வது அந்தக் கடைசி விஷயத்துக்காகத்தான்.

பணத்துக்கு வருகிறேன். வருடா வருடம் போடச் சொல்வதற்குக் காரணம் அந்த வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பது. உலக சுகாதார நிறுவனம் வருடத்துக்கு இரண்டு தடவை கூடி, எந்த வகைகளை ஊசியில் சேர்ப்பது என்று சொல்கிறது. அதோடு, போட்ட ஊசியின் பலனும் மாதங்கள் போகப் போகக் குறையும். ஒன்பது வயதுக்குள் முதல் தடவை போடும்போது நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி வேண்டும். உங்கள் பையனுக்கு இதுவரை ஒன்றுதான் போட்டிருக்கிறது, ஆகவே இந்த வருடம் இரண்டு போட வேண்டியிருக்கும். உங்களிடம் இதைச் சொல்லவே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அடுத்த வருடத்திலிருந்து ஒன்று போதும்.

மீன்பிடித் தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை படகு கட்டிக் கிடக்கும் 61 நாளில், இதற்காக மறுபடியும் கடன் வாங்காதீர்கள். சென்னையில் ஃப்ளூ கூடுதலாகச் சுற்றுவது வடகிழக்குப் பருவமழையை ஒட்டித்தான். ஆகஸ்டில் ஒன்று, செப்டம்பரில் ஒன்று என்று போட்டாலே மழைக்கு முன்னால் உடம்பு தயாராகிவிடும். அதற்கு முன்னால் தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு பக்கத்து அரசு சுகாதார நிலையத்துக்குப் போய் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள். நிமோகாக்கல் என்கிற நிமோனியா தடுப்பூசிகூட 2021 முதல் குழந்தைகளுக்கு அங்கே இலவசம். இலவசமாகக் கிடைப்பதை முடித்துவிட்டுக் கையில் பணம் மிஞ்சினால் ஃப்ளூ ஊசி. தேசியத் தடுப்பூசி அட்டவணையில் ஃப்ளூ இல்லை, அதனால்தான் இந்தச் செலவு உங்கள் தலையில் விழுகிறது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் பரிந்துரைக்கிற ஒரு ஊசி, அன்றாடம் உழைத்துச் சாப்பிடுகிறவர்கள் வீட்டுக்கு மட்டும் எட்டாமல் இருப்பது தப்பு என்று நான் நினைக்கிறேன். கேட்க வேண்டிய இடத்தில் நாமெல்லாம் கேட்க வேண்டும்.

கே: எங்கள் பாப்பாவுக்கு ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதத்தில் போட்ட ஐந்து-ஒன்று ஊசியிலேயே இன்ஃப்ளுயன்சா என்று எழுதியிருக்கிறது. அப்புறம் எதற்குத் தனியாக ஒன்று? – தண்டையார்பேட்டை வாசகர்

நல்ல கேள்வி. இந்தப் பெயர்க் குழப்பத்தாலேயே "அதுதான் போட்டாச்சே" என்று விட்டவர்கள் பலர். நீங்கள் சொல்கிற ஐந்து-ஒன்று ஊசியில், அதாவது பெண்டாவேலன்ட்டில், இருப்பது ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்சா பி, அது ஒரு பாக்டீரியா. மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் கொண்டுவரும். 1890களில் ஜெர்மனியில் ஃப்ளூ நோயாளிகளிடம் இதைக் கண்டுபிடித்தபோது ஃப்ளூவுக்குக் காரணமே இதுதான் என்று நினைத்துப் பெயர் வைத்துவிட்டார்கள். உண்மையான காரணம் ஒரு வைரஸ் என்று 1933இல்தான் தெரிந்தது, பழைய பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. நீங்கள் போட்டது ரொம்ப அவசியமான ஊசி. ஃப்ளூவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

கே: எனக்கு 67 வயது, சுகர் இருக்கிறது. பேரனுக்கு ஃப்ளூ ஊசி போட்டபோது எனக்கும் போடச் சொன்னார்கள். கொரோனா ஊசியே போதும் சாமி என்று வந்துவிட்டேன். ஊசி போட்டால் ஹார்ட் அட்டாக் வருகிறது என்று வாட்ஸ்ஆப்பில் தினமும் வருகிறது. என் நண்பர் இந்த ஃப்ளூ ஊசி போட்டு இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தார். – திருவொற்றியூர் வாசகர்

ஐயா, முதலில் உங்கள் நண்பர். இந்த ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லை, செயலிழக்கச் செய்த வைரஸின் துண்டுகள்தான் இருக்கின்றன, அதனால் இது ஃப்ளூவை உண்டாக்க முடியாது. கை வலி, உடம்பு அசதி, லேசான காய்ச்சல் ஒன்றிரண்டு நாள் இருக்கலாம், அது உடம்பு வேலையைத் தொடங்கியதால் வருவது. பாதுகாப்பு வர இரண்டு வாரம் ஆகும், அதற்குள் வேறு எங்காவது தொற்றிக்கொண்டாலும் பழி ஊசிமேல்தான் விழும். அபூர்வமான ஆபத்து ஒன்றும் உண்டு, சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. குய்லான்-பாரே என்கிற, கை கால்களைப் பலவீனமாக்கும் நரம்பு நோய், ஃப்ளூ ஊசிக்குப் பிறகு பத்து லட்சம் பேரில் ஒன்றிரண்டு பேருக்குக் கூடுதலாக வரலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஃப்ளூ காய்ச்சலாலும் அதே நோய் வரும், அந்த வாய்ப்பு இதைவிட அதிகம்.

மாரடைப்பு விஷயத்தில் அந்த வாட்ஸ்ஆப் செய்தி உண்மையைத் தலைகீழாகச் சொல்கிறது. கனடாவில் நடத்தி 2018இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஃப்ளூ இருப்பது பரிசோதனையில் உறுதியானவர்களுக்கு அதற்கடுத்த ஏழு நாளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்ற நாட்களைவிட சுமார் ஆறு மடங்கு இருந்தது. சுகர், பிரெஷர், இதய நோய் இருக்கிறவர்களை ஃப்ளூ அடிக்கிற இடம் நுரையீரல் மட்டும் இல்லை, இதயமும்தான்.

நான் இதை வெறும் படிப்பை வைத்துச் சொல்லவில்லை. குழந்தை மருத்துவராகப் பல வருடம் பழைய வண்ணாரப்பேட்டையில் ஊரார் பிள்ளைகளுக்கு இந்த ஊசியைப் போட்டுக்கொண்டே, எனக்கும் போட்டுக்கொள்ளவில்லை, என் அம்மாவுக்கும் போடவில்லை. வேண்டாம் என்று நினைத்துக்கூட அல்ல, நினைக்கவே இல்லை. ஒரு ஐப்பசி மழையில் நான்தான் கிளினிக்கிலிருந்து ஃப்ளூவைக் கொண்டுபோய் அம்மாவுக்குக் கொடுத்தேன். எனக்கு நான்கு நாளில் சரியாகிவிட்டது. சுகர் இருந்த அம்மா பதினோரு நாள் ஐ.சி.யூ.வில் கிடந்தார், அதற்கப்புறம் மாடிப்படி ஏறவே இல்லை. இன்றுவரை அது என் நெஞ்சில் இருக்கிறது. இப்போது ஒரு குழந்தைக்கு ஊசி போட வந்தால், வீட்டில் தாத்தா இருக்கிறாரா, ஆயா இருக்கிறார்களா என்று கேட்காமல் அனுப்புவதில்லை. பேரனுக்குப் போட்டீர்களே, ரொம்ப நல்லது. நீங்களும் போய்ப் போட்டுக்கொள்ளுங்கள், ஐயா.

கே: 2008இல் திருவள்ளூர் மாவட்டத்தில் ஊசி போட்ட குழந்தைகள் இறந்தது எனக்கு மறக்கவில்லை. 2017இல் பள்ளியில் போட்ட ஊசிக்கும் என் மகளை அனுப்பவில்லை. கட்டாயமான ஊசியே பயம், கட்டாயமில்லாததை ஏன் போட வேண்டும்? – மாதவரம் வாசகி

பக்கத்து மாவட்டத்தில் நடந்ததை யாரால் மறக்க முடியும்? ஏப்ரல் 2008இல் தட்டம்மை ஊசி போட்ட பிறகு நான்கு பச்சைக் குழந்தைகள் இறந்தார்கள். அதற்குப் பிறகு அரசே கிராமம் கிராமமாகப் போய்ப் போடுவதை நிறுத்தி, டாக்டர் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் போட வேண்டும் என்று மாற்றியது. உங்கள் பயத்தில் உண்மை இருக்கிறது, அதை நான் மூடநம்பிக்கை என்று சொல்ல மாட்டேன். ஆனால் 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்கு எதிராகச் சுற்றியது பெரும்பாலும் புரளி, இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்.

பயத்தைக் கேள்வியாக மாற்றிக் கேட்டுப் பழகலாம். தட்டம்மை ஊசி மருந்து பொடியாக வரும், போடுவதற்கு முன் அதற்கென்றே வருகிற திரவத்தில் கலக்க வேண்டும், கலந்ததைச் சில மணி நேரத்தில் தீர்க்க வேண்டும், மிஞ்சியதைத் தூக்கிப்போட வேண்டும். தவறு நடக்கக்கூடிய இடங்கள் அதில் இருக்கின்றன. ஃப்ளூ ஊசி திரவமாகவே வருகிறது, பெரும்பாலும் சிரிஞ்சிலேயே அடைத்து, கலக்க எதுவும் இல்லை. உங்கள் கண்முன் உறையைப் பிரிக்கச் சொல்லுங்கள். காலாவதித் தேதியைப் பாருங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தார்களா என்று பாருங்கள். போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள், கடுமையான ஒவ்வாமை வந்தால் அந்த நேரத்தில்தான் பெரும்பாலும் வரும். நல்ல டாக்டர் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார். இத்தனைக்கும் பிறகு வேண்டாம் என்று தோன்றினால் அது உங்கள் முடிவு, உங்கள் மகள் பெரியவளாகி ஆரோக்கியமாக இருந்தால் நானும் வற்புறுத்த மாட்டேன். 2017இல் விட்ட ஊசியை மட்டும் விடாதீர்கள். நாளைக்கு அவள் கர்ப்பமாக இருக்கும்போது ரூபெல்லா தொற்றினால் அது வயிற்றில் வளரும் குழந்தையைப் பாதிக்கும்.

கே: ஆறு மாதம் முழுகாமல் இருக்கிறேன். டாக்டர் ஃப்ளூ ஊசி போடச் சொல்கிறார், மாமியார் வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு கண்ட ஊசியும் போடக்கூடாது என்கிறார். – வியாசர்பாடி வாசகி

மாமியாரிடம் சண்டை போடாதீர்கள், ஒன்று மட்டும் கேளுங்கள். "அத்தை, நீங்க மாசமா இருந்தப்ப டி.டி. ஊசி போட்டீங்களா?" போட்டிருப்பார். அந்த ஊசி தாய்க்குப் போட்டது, காப்பாற்றியது பிறந்த குழந்தையை. தொப்புள்கொடி வழியாக வந்த ரணஜன்னியில் (டெட்டனஸ்) எத்தனையோ சிசுக்கள் செத்த நாடு இது, தாய்மார்கள் கையை நீட்டியதும் பிரசவங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்ததும் சேர்ந்து 2015இல் அந்த நோயை ஒழித்த நிலைக்கு இந்தியா வந்தது.

ஃப்ளூவிலும் அதே கதைதான். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு இந்த ஊசி போட முடியாது. அந்த ஆறு மாதத்துக்கு அதற்கு இருக்கிற முக்கியமான கவசம் உங்கள் ரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடி வழியாகப் போகிற எதிர்ப்புசக்தி. உங்களுக்கும் இது தேவை. 2009 பன்றிக்காய்ச்சல் வந்தபோது கர்ப்பிணிகள் மற்றவர்களைவிட மோசமாக நோய்வாய்ப்பட்டார்கள். வயிறு மேலே தள்ளுவதால் நுரையீரலுக்கு இடம் குறைகிறது, எதிர்ப்புசக்தியும் வேறு மாதிரி வேலை செய்கிறது. ஊசி வகையைக் கர்ப்ப காலத்தில் போடலாம், மூக்கில் தெளிக்கும் வகையில் உயிருள்ள வைரஸ் இருப்பதால் அது கூடாது. அடுத்த செக்கப்புக்கு மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள், டாக்டர் அவரிடமே பேசட்டும். அவர் மறுப்பதும் அந்தப் பிள்ளைமேல் உள்ள அக்கறையில்தான்.

கே: என் மகனுக்கு ஏழு வயது, வீசிங். மழை வந்தால் நெபுலைசர் வைக்க மாதம் இரண்டு தடவை ஓடுகிறோம். வீட்டில் கற்பூரவல்லிச் சாறு, ஆவி எல்லாம் செய்கிறோம். ஊசி வேணுமா? – எண்ணூர் வாசகர்

வேணும். இந்தப் பக்கத்தில் இன்றைக்கு எழுதியவர்களில் நான் யோசிக்காமல் போடச் சொல்வது உங்கள் மகனுக்கும் திருவொற்றியூர் ஐயாவுக்கும் வியாசர்பாடி வாசகிக்கும்தான். வீசிங் இருக்கிற நுரையீரலில் ஃப்ளூ இறங்கினால் வேகமாக மோசமாகும், அதிலும் அனல்மின் நிலையப் புகைக்குப் பக்கத்தில் வளர்கிற பிள்ளை. செப்டம்பர் வரை காத்திருக்காதீர்கள், எப்போது கிடைக்கிறதோ அப்போது போடுங்கள், முதல் தடவை என்றால் நான்கு வாரம் கழித்து இன்னொன்று. கற்பூரவல்லி கொடுங்கள், தப்பில்லை. கொதிக்கிற பாத்திரத்தில் ஆவி மட்டும் வேண்டாம், தண்ணீர் கொட்டி வெந்துபோன குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். ஊசி போட்ட பிறகும் திடீர் காய்ச்சல் வந்து, மூச்சு வேகமாகி, விலா எலும்புக்கு நடுவில் சதை உள்வாங்கினால் உடனே ஆஸ்பத்திரி. ஃப்ளூவுக்கான ஓசெல்டாமிவிர் மாத்திரை முதல் 48 மணி நேரத்தில் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். ஊசிக்குப் போகும்போது அவன் இன்ஹேலரையும் கையோடு எடுத்துப் போங்கள், சரியாக இழுக்கிறானா என்று டாக்டர் முன்னால் ஒரு தடவை இழுத்துக் காட்டச் சொல்லுங்கள்.