எந்த ஸ்டேஷன் பக்கம் குடியேறுவது?

வாசகர் கேள்வி - பதில்

சென்னையில் வாடகை கட்டுப்படியாகாமல் புறநகருக்குக் குடிபெயர நினைக்கும் இளம் குடும்பத்தினரின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம்.

கேள்வி: என் கணவருக்குக் கிண்டி தொழிற்பேட்டையில் வேலை, எனக்கு எழும்பூரில் அலுவலகம். மேற்கு மாம்பலத்தில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு மாதம் 19,000 ரூபாய் வாடகை கொடுக்கிறோம். இரண்டு வயதில் ஒரு மகன் இருக்கிறான். வாடகையைக் குறைத்துக்கொண்டு, சில ஆண்டுகளில் சொந்த வீடும் வாங்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம். கூடுவாஞ்சேரி, சிங்கப்பெருமாள் கோயில், திருநின்றவூர் ஆகிய மூன்றையும் பார்த்து வைத்திருக்கிறோம். எது எங்களுக்குப் பொருந்தும்?
– வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: சதுர அடி விலையை வைத்துப் பார்த்தால் மூன்று ஊர்களும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியலாம். ஆனால் உங்கள் இருவரின் அலுவலகங்களும் கடற்கரை – தாம்பரம் – செங்கல்பட்டு மின்சார ரயில் பாதையில் அமைந்திருப்பதால், திருநின்றவூரை இப்போதே பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். அது நல்ல ஊர்தான். ஆனால் அங்கிருந்து வரும் புறநகர் ரயில்களில் பெரும்பாலானவை சென்ட்ரல் அருகிலுள்ள மூர் மார்க்கெட் வளாகத்தோடு நின்றுவிடும். அங்கே இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாகப் பூங்கா நிலையத்துக்கு நடந்து, அடுத்த ரயிலுக்குக் காத்திருந்து நீங்கள் எழும்பூருக்கும் அவர் கிண்டிக்கும் போக வேண்டியிருக்கும். ஒரு நாள் இரு நாள் என்றால் சமாளித்துவிடலாம். ஆண்டு முழுவதும் காலையும் மாலையும் வண்டி மாறுவது உடம்பையும் நேரத்தையும் ஒருசேரக் கரைக்கும்.

மீதமுள்ள இரண்டு ஊர்களும் தாம்பரத்துக்குத் தெற்கே இருக்கின்றன. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 1931-ஆம் ஆண்டிலிருந்தே மின்சார ரயில் ஓடுகிறது. அந்தப் பகுதியில் ஒரு வண்டியைத் தவறவிட்டாலும் பெரிய இழப்பில்லை. ஆனால் வண்டிகளில் ஒரு பகுதி தாம்பரத்தோடு திரும்பிவிடுவதால், அங்கிருந்து செங்கல்பட்டு வரையிலான ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் ஒரு வண்டிக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி அதிகம். ஆகவே, "ரயில் வசதி உண்டு" என்று தரகர் சொல்வதோடு நின்றுவிடாமல், காலை 7 மணி முதல் 9 மணி வரையிலும் மாலை 6 மணி முதல் இரவு 9 மணி வரையிலும் அந்த ஸ்டேஷனில் எத்தனை வண்டிகள் நிற்கின்றன என்பதைக் கால அட்டவணையில் நீங்களே எண்ணிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை அட்டவணை வேறு. பராமரிப்புப் பணி நடக்கும் நாள்களில் வண்டிகள் ரத்தாவதும் உண்டு.

கூடுவாஞ்சேரியிலிருந்து எழும்பூருக்கு ரயிலில் மட்டும் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். சிங்கப்பெருமாள் கோயில் என்றால் மேலும் கால் மணி நேரம் கூடும். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு வரும் நேரத்தையும் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால், ஒரு வழிக்கு உங்களுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஆகிவிடும். இன்று மாம்பலத்திலிருந்து நீங்கள் செலவிடுவதைவிடக் குறைந்தது முக்கால் மணி நேரம் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம் வீதம், 24 வேலை நாள்கள் கொண்ட மாதத்தில் 36 மணி நேரம் ஆகிறது. வாடகையில் மிச்சமாகும் தொகையை இந்த 36 மணி நேரத்துக்கு எதிரே வைத்து, இருவரும் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள்.

மிச்சமாகும் தொகையையும் சரியாகக் கணக்கிட வேண்டும். கூடுவாஞ்சேரியில் 11,000 ரூபாய்க்கு வீடு கிடைத்தால் 8,000 ரூபாய் மிச்சம் என்று தோன்றும். சாதாரணப் புறநகர் வண்டியின் சீசன் டிக்கெட் மாதத்துக்குச் சில நூறு ரூபாய்தான் என்பதால் அது பெரிய சுமை இல்லை. ஆனால் ஸ்டேஷன் வண்டி நிறுத்தக் கட்டணம், பெட்ரோல், மழை நாள்களில் ஷேர் ஆட்டோ, காப்பகத்தில் கூடுதல் நேரத்துக்குக் கொடுக்கும் பணம், களைப்பில் வெளியே வாங்கும் இரவுச் சாப்பாடு ஆகியவற்றைக் கழித்தால் அந்த 8,000 ரூபாயில் பாதி நின்றாலே நல்லது. 2025 ஏப்ரலில் இந்தப் பாதையில் தொடங்கிய ஏ.சி. மின்சார ரயிலை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அதன் கட்டணம் சாதாரண வண்டியைப் போலப் பல மடங்கு, ஓடும் வண்டிகளும் குறைவு.

பலர் யோசிக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும்: உட்கார இடம் கிடைக்குமா என்பது. செங்கல்பட்டிலிருந்து புறப்படும் வண்டியில் அங்கேயே ஏறுகிறவர் உட்கார்ந்து வருகிறார். கூடுவாஞ்சேரியில் ஏறுகிறவர் அலுவலக நேரத்தில் மகளிர் பெட்டியில்கூட நின்றபடியே எழும்பூர் வர நேரிடலாம். தொலைவில் இருப்பவருக்கு உட்காரும் வசதியும் அருகில் இருப்பவருக்கு நிற்கும் அவதியும் என்பது இந்தப் பாதையின் அன்றாட நடைமுறை. இரண்டாவது குழந்தையைப் பற்றி நினைக்கும் குடும்பம் இதைச் சிறிய விஷயமாக ஒதுக்கக் கூடாது. செங்கல்பட்டு மாவட்டத் தலைநகரம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் நீண்ட காலமாக நடக்கும் பள்ளிகளும் அங்கே இருக்கின்றன. உங்கள் அலுவலகமும் கிண்டியிலேயே இருந்திருந்தால், செங்கல்பட்டையே முதலில் சொல்லியிருப்பேன்.

ஆனால் உங்கள் மகனுக்கு இரண்டு வயதுதான் ஆகிறது. அவனை யார் காலையில் காப்பகத்தில் விட்டு, யார் மாலையில் அழைத்து வருவது? தனியார் காப்பகங்கள் பெரும்பாலும் மாலை ஆறரை மணிக்குள் குழந்தையை அழைத்துப்போகச் சொல்லும். அங்கன்வாடி அதற்கு வெகு முன்பே முடிந்துவிடும். ஐந்தரை மணிக்கு எழும்பூரில் வேலை முடிகிறவர் ஆறரைக்குள் கூடுவாஞ்சேரியில் காப்பக வாசலில் நிற்க முடியாது. கிண்டியிலிருந்து உங்கள் கணவர் ஐந்து மணிக்குப் புறப்பட முடியுமென்றால் நிற்கலாம். அவருடைய முதலாளி அதற்கு ஒப்புவாரா, தாத்தா பாட்டி யாரேனும் உடன் வந்து இருப்பார்களா என்ற இரண்டு கேள்விகளுக்கும் இல்லை என்பது பதிலானால், தாம்பரத்துக்குத் தெற்கே போகும் யோசனையையே மகன் பள்ளிக்குச் செல்லும் வரை தள்ளிவைத்துவிட்டு, பல்லாவரம், குரோம்பேட்டை பக்கம் சற்றுச் சிறிய வீட்டுக்கு மாறுவதே நல்லது என்று உறுதியாகச் சொல்வேன்.

ஏற்பாடு இருக்கிறது என்றால் கூடுவாஞ்சேரிக்குப் போகலாம். ஆனால் ஸ்டேஷனுக்கு நடந்து வரக்கூடிய தொலைவில், வாடகைக்கு மட்டும் போங்கள். விளம்பரங்களில் வரும் "ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிடம்" என்பது காலியான சாலையில் காரில் போகும் ஐந்து நிமிடம். ரயில் பாதையும் தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு நோக்கிப் போகும் நெடுஞ்சாலையான ஜி.எஸ்.டி. சாலையும் அடுத்தடுத்து ஓடும் ஊர் அது. வீடு எந்தப் பக்கம் இருக்கிறது, சாலையைக் கடக்க வழி இருக்கிறதா, இரவு ஒன்பது மணிக்கு அந்த வழியில் விளக்கு எரிகிறதா என்பதை வேலை நாள் ஒன்றில் இருட்டிய பிறகு நடந்து பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

வாடகைக்கு என்று வலியுறுத்துவதற்குக் காரணம் மழை. 2015 டிசம்பரில் அடையாற்றில் வந்த வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளின் தரைத்தளத்தை மூழ்கடித்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தாம்பரத்துக்குத் தெற்கிலும் மேற்கிலும் உள்ள நிலம் ஏரிகளும் அவற்றை இணைக்கும் கால்வாய்களும் நிறைந்தது. ஏரி நிரம்பினால் உபரி நீர் போகும் வழியில் எழுந்த நகர்களில் ஒவ்வொரு பெருமழைக்கும் தண்ணீர் நிற்கிறது. ஒரே ஊரில் ஒரு தெரு மேடாகவும் அடுத்த தெரு பள்ளமாகவும் இருக்கும் என்பதால், ஊரின் பெயரை மட்டும் வைத்து முடிவெடுக்க இயலாது. வீடு பார்க்கப் போகும்போது சுற்றுச்சுவரைக் கவனியுங்கள்: புதிதாக வண்ணம் அடித்திருந்தாலும், முழங்கால் உயரத்தில் உப்புப் பூத்த கோடு பெரும்பாலும் மறைவதில்லை. அந்தத் தெருவில் புதிதாகக் கட்டும் வீடுகள் சாலையைவிட மூன்று நான்கு அடி உயர்த்திக் கட்டப்படுகின்றன என்றால், அதைவிடத் தெளிவான சாட்சி வேறில்லை. தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரிடமும் பால் பூத்திலும் 2015-லும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். விற்கிறவரைவிட அவர்களுக்கே நன்றாகத் தெரியும்.

ஓர் ஐப்பசி, கார்த்திகையையும் அடுத்து வரும் சித்திரை, வைகாசியையும் வாடகை வீட்டில் கழித்துவிட்டால், தண்ணீர் தேங்கும் தெரு எது, கோடையில் லாரித் தண்ணீருக்கும் கழிவுநீர் லாரிக்கும் என்ன செலவாகும் என்பதெல்லாம் தெரிந்துவிடும். அதன் பிறகு வாங்குவதைப் பற்றி யோசியுங்கள்.

கேள்வி: அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பணிபுரிகிறேன். ஆவடியில் வீட்டு விலை எட்டவில்லை. திருநின்றவூர், வேப்பம்பட்டு, திருவள்ளூர் ஆகியவற்றில் எது நல்லது?
– வாசகர், வில்லிவாக்கம்

பதில்: மேலே உள்ள வாசகிக்கு வேண்டாம் என்ற பாதைதான் உங்களுக்கு ஏற்றது. பட்டரைவாக்கத்திலோ அம்பத்தூரிலோ இறங்கினால் தொழிற்பேட்டைக்கு வந்துவிடுவீர்கள். வண்டி மாற வேண்டியதில்லை. காலையில் சென்ட்ரல் வரை நிற்க வேண்டியதும் இல்லை. சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர் 42 கிலோமீட்டர் என்றாலும் உங்கள் பயணம் அதைவிட வெகுவாகக் குறைவு. மூன்றில் நான் திருவள்ளூரைத் தேர்ந்தெடுப்பேன். அது மாவட்டத் தலைநகரம். கடைவீதியும் பள்ளிகளும் 2022-இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியும் உள்ள முழுமையான ஊர் என்பதால், வீட்டில் இருப்பவர்கள் ஒவ்வொரு தேவைக்கும் ரயில் ஏற வேண்டியதில்லை. வேப்பம்பட்டில் மனை மலிவு. மருத்துவருக்கும் பள்ளிக்கும் வெளியே போக வேண்டியிருக்கும். திருநின்றவூரில் ஏரியை ஒட்டிய தாழ்வான நகர்களைத் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: சிறுசேரி சிப்காட்டில் எனக்கு வேலை. செங்கல்பட்டில் வாடகை குறைவு என்கிறார்கள். அங்கே போகலாமா?
– வாசகர், சோழிங்கநல்லூர்

பதில்: வேண்டாம். ரயில் ஜி.எஸ்.டி. சாலையோடு ஓடுகிறது; நீங்கள் போக வேண்டியது பழைய மகாபலிபுரம் சாலைக்கு (ஓ.எம்.ஆர்.). இரண்டுக்கும் இடையே உள்ள வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையையோ திருப்போரூர் சாலையையோ தினமும் இரு சக்கர வண்டியில் கடக்க வேண்டியிருக்கும். குறைந்த வாடகைதான் வேண்டும் என்றால் திருப்போரூரைப் பாருங்கள். மாதவரத்திலிருந்து சிறுசேரிக்கு வரும் மெட்ரோ பாதையைச் சொல்லி இப்போதே கூடுதல் விலை கேட்பவர்களிடம் ஏமாறாதீர்கள். ஓடத் தொடங்கிய பிறகு அதற்கான விலையைக் கொடுத்தால் போதும்.

கேள்வி: சிங்கப்பெருமாள் கோயில் அருகே ஒரு மனை மலிவாக வருகிறது. "பஞ்சாயத்து அப்ரூவல் உண்டு, வங்கிக் கடனும் கிடைக்கும்" என்கிறார்கள். சேமிப்பு ஆறு லட்சம் ரூபாய் இருக்கிறது. நம்பி வாங்கலாமா?
– வாசகி, குரோம்பேட்டை

பதில்: மனைப்பிரிவுக்கு அனுமதி வழங்கும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்கு இல்லை. இடம் அமைந்துள்ள பகுதியைப் பொறுத்து நகர் ஊரமைப்பு இயக்ககமோ (டி.டி.சி.பி.) சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமோதான் (சி.எம்.டி.ஏ.) அனுமதி தர வேண்டும். அனுமதியற்ற மனைகளைப் பதிவு செய்ய 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்ததும், 2017-இல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்ததும் இத்தகைய மனைகளால்தான். எனவே, விற்பவரிடம் முதலில் மனைப்பிரிவின் அனுமதி எண்ணையும் வரைபட நகலையும் கேளுங்கள். உங்கள் மனையின் எண் அந்த வரைபடத்தில் இருக்கிறதா, அது பூங்காவுக்கோ சாலைக்கோ ஒதுக்கிய இடமா என்பதைப் பாருங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய மனைப்பிரிவாக இருந்தால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் (ரெரா) பதிவு எண்ணும் இருக்க வேண்டும். தாய்ப்பத்திரம், குறைந்தது 30 ஆண்டுகளுக்கான வில்லங்கச் சான்று, பட்டா, புல வரைபடம் ஆகியவற்றை விற்பவர் சொல்லும் வழக்கறிஞரிடம் காட்டாமல், நீங்கள் தேர்ந்தெடுக்கும் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

அடுத்து, ஆறு லட்சம் ரூபாய் போதுமா என்பது. முதலில் கட்டிய வீடு வாங்குவதானால் ஆகும் கணக்கைப் பாருங்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடன் வீட்டின் மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பத்திரச் செலவையும் பொதுவாக அந்த மதிப்பில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். 40 லட்சம் ரூபாய் வீடு என்றால் கையிலிருந்து எட்டு லட்சம். அதற்கு மேல், பழைய வீட்டுக்கு முத்திரைத்தாள் 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்து 3 லட்சத்து 60 ஆயிரம். ஆக, பதினொன்றரை லட்சத்துக்கு மேல் கையில் இருந்தால்தான் பத்திரப் பதிவு அலுவலகப் படி ஏற முடியும். இதில் தரகு, வழக்கறிஞர் கட்டணம், குடிபோகும் செலவு எதுவும் சேரவில்லை. வெறும் மனையென்றால், அதற்கு வங்கி தரும் கடன் வீட்டுக்குத் தருவதைவிடக் குறைவாகவே இருக்கும். வீடு கட்டும் வரை வாடகையும் தவணையும் சேர்ந்து விழும். குறையும் தொகையைத் தனிநபர் கடனாகவோ நகைக் கடனாகவோ வாங்கி ஈடுகட்டச் சொல்வார்கள், அதற்கு இணங்காதீர்கள். ஆறு லட்சத்தை வைப்பு நிதியில் போட்டுவிட்டு, முன்பணம் கேட்டு அவசரப்படுத்துகிறவரிடம் ஆவணங்களின் நகலைக் கேளுங்கள். ஒரு வாரத்துக்குள் நகல் தராதவரிடம் அந்த மனையை வாங்க வேண்டாம்.