அடி மொட்டையான சங்கங்குப்பி வேலியைப் பிடுங்க வேண்டுமா?

கேள்வி: கடலோர மனையைச் சுற்றிச் சங்கங்குப்பி வேலி வைத்திருக்கிறேன். மேலே அடர்த்தியாக இருக்கிறது, கீழே வெறும் குச்சிதான். தோட்ட ஒப்பந்தக்காரர், "உப்புக்காற்று அரித்துவிட்டது, எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் புதுக் கன்று வைக்கலாம்" என்கிறார். வைக்கலாமா?

பதில்: வேண்டாம். அலையாத்திக் காட்டு ஓரத்திலும் கழிமுகக் கரையிலும் தானாக முளைக்கும் செடி இது. இதன் காய்கூடக் கடல்நீரில் மிதந்து போய்த்தான் பரவுகிறது. அதற்குப் போய் உப்பு ஆகாது என்கிறார்!

உச்சியை மட்டும் வெட்டிக்கொண்டே வந்திருப்பீர்கள். மேல்பகுதி அகன்று கீழே வெயிலை மறைத்துவிட்டது. வெயில் படாத கிளை இலையை உதிர்க்கும்.

அடித்தண்டை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. மழை தொடங்கும் சமயம் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுங்கள், துளிர்த்துவிடும். அப்புறம் அடி அகலமாகவும் மேல் குறுகலாகவும் இருக்கும்படி கவாத்து செய்து வாருங்கள். அடிக்கடி ஒட்ட வெட்டினால், மும்மூன்றாக வரும் அந்த வெள்ளைப் பூக்களைப் பார்க்க முடியாது.

ஒரே ஒரு விலக்கு, கடலைப் பார்த்த வரிசை. இலையில் தெறிக்கும் உப்பை முதிர்ந்த இலை தாங்கும், இளந்துளிர் கருகும். அதனால் கடல்காற்று பலமாக வீசும் மாதங்களில் அந்தப் பக்கம் கத்தரியே வைக்காதீர்கள். காற்று தணிந்த பிறகும் மொத்தமாக வெட்டக் கூடாது. முதலில் வீட்டுப் பக்கம், அது துளிர்த்து முற்றியதும் கடல் பக்கம். துளிரில் உப்பு படிந்தால் நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

கன்றுக் கணக்கில் கூலி வாங்குபவர் பிடுங்கத்தான் சொல்வார். கரையோரப் பசுமைத் திட்டங்களிலும் பல இடங்களில் இதே கதைதான்: நட்ட கன்றுக்குக் கணக்கு உண்டு, பிழைத்ததை யாரும் எண்ணுவதில்லை. கழிமுகக் கரையிலிருந்து வேரோடு பறித்து வந்து "நர்சரிக் கன்று" என்று தள்ளிவிடுபவர்களும் இருக்கிறார்கள். அந்த வேர்தான் அங்கே கரை மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது. வேர் பாதி அறுந்து, பையில் புது மண்ணோடு வந்தால் வாங்காதீர்கள்.

இடைவெளியை அடைக்கக் கன்றே தேவையில்லை. பக்கத்துச் செடியின் தாழ்ந்த கிளையை வளைத்து, ஒரு கணுவை மண்ணில் புதைத்து, மேலே கல் வையுங்கள். வேர் பிடித்ததும் தாய்ச்செடியிலிருந்து வெட்டிவிடலாம். வெட்டிய கிளைகளில் பென்சில் கனத்தில் உள்ளவற்றைப் போத்தாக ஊன்றினாலும் வரும்; வேர் பிடிக்கும் வரை நல்ல தண்ணீர் விடுங்கள்.