எம்.2 என்றாலே என்விஎம்இ தானே, அப்புறம் 'எம்.2 சாட்டா' என்பது என்ன?

கேள்வி கேட்டவர் தன் லேப்டாப்பில் எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத சேமிப்பு டிரைவ்) மாற்றப் போகிறார். இதே இடத்தில் நான் ஒருமுறை நன்றாகவே வழுக்கி விழுந்திருக்கிறேன் என்பதால் பதில் எழுதுகிறேன்.

என் லேப்டாப்பில் எம்.2 ஸ்லாட், அதாவது எஸ்எஸ்டியைச் செருகும் இடம், இருப்பது தெரியும். எம்.2 எஸ்எஸ்டி ஒன்று வாங்கினேன். சாய்வாகச் செருகி, மேலே தூக்கிக்கொண்டு நின்ற முனையை அழுத்திப் பிடித்து, அந்தக் கடுகளவு ஸ்க்ரூவை முடுக்கினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. ஆன் செய்தால் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே வரும் கணினியின் அமைப்புத் திரை) டிரைவே இல்லை. கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றி, சரக்கே பழுது என்று முடிவுகட்டிய பிறகுதான் லேப்டாப்பின் கையேட்டைத் திறந்தேன். 'எம்.2, பிசிஐஇ மட்டும்' என்று ஒரு வரி. நான் வாங்கியிருந்தது எம்.2 சாட்டா. சரக்கில் குறையே இல்லை.

விஷயம் இதுதான். எம்.2 என்பது வடிவத்தின் பெயர். அதற்கு மேல் அது எதையும் சொல்லாது. பெட்டியில் 2280 என்று போட்டிருப்பார்கள். 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம், அவ்வளவுதான். தகவல் எந்தத் தடத்தில் போகிறது என்பது தனிக் கேள்வி: சாட்டாவா, பிசிஐஇயா? அந்தத் தடத்தில் கணினியும் டிரைவும் எந்த முறையில் பேசிக்கொள்கின்றன என்பது இன்னொரு கேள்வி. சாட்டா என்றால் பெரும்பாலும் ஏஹெச்சிஐ. பிசிஐஇ எஸ்எஸ்டி என்றால் இப்போது என்விஎம்இ தான்.

ஏஹெச்சிஐ, சுழலும் ஹார்டு டிஸ்க்கை மனதில் வைத்துச் செய்தது. ஒரே வரிசை, அதில் அதிகபட்சம் 32 கட்டளைகள். 2011-ல் வந்த என்விஎம்இ ஆயிரக்கணக்கான வரிசைகளுக்கு இடம் கொடுக்கிறது. வேகத்தில் சாட்டாவின் உச்சம் நொடிக்கு 6 கிகாபிட். எட்டு பிட் அனுப்பப் பத்து பிட் செலவாவதால் அது நொடிக்கு 600 மெகாபைட்டாகச் சுருங்கி, கைக்கு வருவது 550 போல. நாலு லேன் (தகவல் போகும் பாதை) உள்ள பிசிஐஇ 3.0-வில் நல்ல டிரைவ் 3,500 வரை போகும், 4.0-வில் 7,000. ஆனாலும் ஹார்டு டிஸ்க்கிலிருந்து மாறுகிறவருக்குச் சாட்டா எஸ்எஸ்டியே பெரிய மாற்றம்தான். பிரவுசர், ஆவணங்கள் என்று இருப்பவருக்குச் சாட்டாவுக்கும் என்விஎம்இக்கும் வித்தியாசம் தெரிவது அபூர்வம். பெரிய வீடியோ கோப்புகளை நகலெடுக்கும்போதுதான் தெரியும்.

சரி, பொருந்தாது என்றால் என்னுடையது எப்படி ஸ்லாட்டுக்குள் போனது? தங்க நிறக் கால்கள் இருக்கும் முனையைப் பாருங்கள். அதில் இருக்கும் வெட்டின் அமைப்பைத்தான் கீ என்பார்கள். இரண்டு வெட்டு இருந்தால் அது பி+எம் கீ; பெரும்பாலான சாட்டா டிரைவ்கள் இப்படித்தான் வரும். ஒரு பக்கமாக ஒரே வெட்டு என்றால் எம் கீ. என்விஎம்இ பெரும்பாலும் இதுதான். இரண்டு வெட்டு உள்ளது எம் கீ ஸ்லாட்டிலும் பி கீ ஸ்லாட்டிலும் நுழைந்துவிடும். நுழைந்துவிட்டதால் வேலை செய்யும் என்று நம்பியதுதான் என் தப்பு. எம் கீ டிரைவ் பி கீ ஸ்லாட்டில் நுழையவே நுழையாது. இரண்டு வெட்டு உள்ள பிசிஐஇ டிரைவ்களும் உண்டு என்பதால், வெட்டை மட்டும் நம்பாமல் ஸ்டிக்கரையும் படியுங்கள். எம்சாட்டா என்று ஒரு பழைய வகையும் உண்டு, அது எம்.2-வில் மாட்டவே மாட்டாது.

எம்.2 ஸ்லாட்டே இல்லாத பழைய கணினி என்றால் குழப்பமில்லை. 2.5 அங்குல சாட்டா டிரைவ்; எல் வடிவத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கனெக்டர், 7 கால் உள்ளது தகவலுக்கு, 15 கால் உள்ளது மின்சாரத்துக்கு. தப்பாக மாட்டவே முடியாது. அதற்கும் முந்தைய 40 கால் ஐடிஇ பட்டைக் கேபிளோடும், மாஸ்டர் யார் ஸ்லேவ் யார் என்று முடிவுசெய்யும் ஜம்பரோடும் மல்லுக்கட்டியவர்களுக்கு இந்த அருமை புரியும்.

ஆகவே வாங்குவதற்கு முன் லேப்டாப் மாடலின் கையேட்டில் எம்.2 ஸ்லாட் பற்றிய வரியைத் தேடுங்கள். சாட்டா மட்டுமா, பிசிஐஇ மட்டுமா, இரண்டுமா, எத்தனை மில்லிமீட்டர் நீளம் என்று அங்கே இருக்கும்.

என்னுடைய அந்த சாட்டா துண்டு இப்போது ஒரு யுஎஸ்பி என்க்ளோஷரில் (டிரைவை உள்ளே வைத்து யுஎஸ்பியில் இணைக்கும் உறை) பேக்கப் டிரைவாக இருக்கிறது. என்க்ளோஷரிலும் சாட்டாவுக்கு ஒன்று, என்விஎம்இக்கு ஒன்று, இரண்டுக்கும் பொது ஒன்று என வகைகள் உண்டு. இந்த முறை படித்துவிட்டுத்தான் வாங்கினேன்.